ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன்னால்...

ராணுவ ஹெலிகாப்டர் என்றதும் சினிமாக் காட்சிதான் ஞாபகத்துக்கு வரும். பைலட் ஓடி வருவார், ஏறி உட்காருவார், விர்ரென்று கிளம்பிவிடுவார். நிஜத்தில் அவர் அதற்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் எதிரே நெடுநேரம் தவம் கிடந்திருப்பார்!

எந்த வழியாகப் போவது, எங்கே திரும்புவது, எதிர்க்காற்று எவ்வளவு, போய்த் திரும்ப எரிபொருள் போதுமா, எந்த மலைக்குப் பின்னால் ஒட்டிப் போனால் எதிரியின் ராடார் கண்ணில் படாது, யாரிடம் எந்த அலைவரிசையில் பேசுவது... இத்தனையும் கிளம்பும் முன்பே முடிவாக வேண்டும். வெயிலும் உயரமும் கூடக்கூடக் காற்று மெலிந்துவிடும். சமவெளியில் சர்வசாதாரணமாகத் தூக்கும் பாரத்தை அதே சினூக் ஹெலிகாப்டர் ஆப்கானிஸ்தான் மலையில் தூக்காது. ஏற்றிக்கொண்டு போனபிறகு இது தெரிந்தால் என்ன பிரயோஜனம்? இந்தக் கணக்கையெல்லாம் போடுவதற்கென்று இருப்பதுதான் மிஷன் பிளானிங் மென்பொருள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு காகித வரைபடம், அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள், மெழுகுப் பென்சில், கணக்குப் போட ஒரு வட்டமான ஸ்லைடு ரூல். அவ்வளவுதான். அமெரிக்காவில் வரைபடம் அச்சானபின் முளைத்த கோபுரங்களையும் மின்கம்பிகளையும் சொல்ல ‘சம்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு திருத்தப் பட்டியல் வரும். பைலட்டுகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் வரைபடத்தில் குறிப்பார்கள். அந்தப் பெயரையே வினைச்சொல்லாக்கி, ‘வரைபடத்தைச் சம் பண்ணியாச்சா?’ என்று கேட்கும் அளவுக்கு அது அன்றாட வேலை.

கம்பிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? ராணுவ ஹெலிகாப்டர் தாழப் பறக்கும். தூரத்திலிருந்து மின்கோபுரம் தெரியும், கம்பி தெரியாது. (அதனால்தான் கோபுரத்துக்கு நேர் மேலே கடக்க வேண்டும் என்று பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.) 1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசே ஊருக்கு அருகில் அமெரிக்க மரைன் படையின் ஒரு ஜெட் விமானம் ரோப்காரின் கம்பிவடத்தை அறுத்துக்கொண்டு போனது. பெட்டியில் இருந்த 20 பேரும் இறந்துபோனார்கள். விமானம் அனுமதித்த உயரத்துக்கு வெகு கீழே பறந்தது உண்மை. அந்தக் குழுவிடம் இருந்த அமெரிக்க வரைபடத்தில் அந்தக் கம்பிவடம் குறிக்கப்படவே இல்லை என்பதும் உண்மை. அது ஹெலிகாப்டர் இல்லைதான். ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, மென்பொருளுக்கு வருவோம். முதலில் வந்தவை யூனிக்ஸ் இயந்திரங்களில் ஓடிய பெரிய அமைப்புகள். விலை அதிகம், எடை அதிகம், கற்றுக்கொள்வதும் கடினம். 1990களில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வு நிறுவனம் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு வரைபட மென்பொருளை எழுதியது. பெயர் ஃபால்கன்வியூ. அதோடு எரிபொருள் கணக்கு, பாராசூட்டில் சரக்கு இறக்கும் கணக்கு போன்றவற்றைச் சேர்த்து ‘பி.எஃப்.பி.எஸ்’ என்று ஒரு தொகுப்பு ஆனது. லேப்டாப்பில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம்! பைலட்டுகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. கடற்படையும்கூடத் தனக்கென்று ஒரு பதிப்பை வைத்துக்கொண்டது. ஃபால்கன்வியூவின் ஒரு பதிப்பு 2009ல் திறந்த மூலமாகவே வெளியானது.

ஆனால் எந்த விண்டோஸும் நிரந்தரம் இல்லையே. எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை, தன்னிடம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்பி போன்ற பழையவற்றுக்குத் தொடர்ந்து திருத்தம் தரச் சொல்லி சுமார் 91 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பழசைத் தூக்கி எறிவது அவ்வளவு சுலபமாக இருந்தால் யார் இந்தப் பணத்தைக் கொடுப்பார்கள்?

சிக்கல் திரையில் தெரியும் வரைபடத்தில் இல்லை. பிளான் முடிந்ததும் அது ஒரு சின்ன டேட்டா கார்ட்ரிட்ஜில் ஏறும். பைலட் அதைக் கொண்டுபோய் ஹெலிகாப்டரில் செருகுவார். அப்பாச்சிக்கு ஒரு மாதிரி, பிளாக் ஹாக்குக்கு ஒரு மாதிரி, சினூக்குக்கு ஒரு மாதிரி. ஹெலிகாப்டருக்குள் இருக்கும் மென்பொருள் மாறினால் தரையில் இருப்பதும் கூடவே மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் பதிலாக ஒரே மென்பொருள் என்று சொல்லி அமெரிக்கா ஆரம்பித்த ‘ஜே.எம்.பி.எஸ்’ திட்டமும் கடைசியில் ஒரு பொது அடித்தளம், அதன்மேல் ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனி இணைப்பு என்றுதான் உருவானது. அந்த ஒவ்வொரு இணைப்பையும் எழுத வேண்டும், சோதிக்க வேண்டும், ஆட்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அதுவரை போர் காத்திருக்காது. பழசு ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பழசில் எந்த இடத்தில் தகராறு செய்யும் என்பது பைலட்டுக்கு அத்துப்படி. புதுசில் அது தெரியாது. தெரிந்த தலைவலியை விட்டுத் தெரியாத தலைவலிக்கு யார் ஆசைப்படுவார்கள்?

அதிகாரபூர்வமானது தாமதமானால் ஆட்கள் கைக்கு எளிதானதை எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கப் படைகளில் டேப்லெட்டில் ஓடும் கில்ஸ்விட்ச் என்ற வரைபடச் செயலி அப்படித்தான் பரவியது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் இருந்ததையும், அது நிஜப் போர்க்களத்துக்கு அனுமதிக்கப்பட்டதே இல்லை என்பதையும் கடற்படையின் விசாரணை அறிக்கை ஒன்று 2018ல் சொன்னது. ஓட்டையை எழுதியவர்களைத் திட்டலாம். வசதியான ஒன்றை முறையாகக் கொடுக்காதவர்களையும் சேர்த்துத் திட்ட வேண்டும்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் பிரிட்டன். இது திட்டமிடும் மென்பொருள் பற்றியது அல்ல, ஹெலிகாப்டரின் காக்பிட்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் பற்றியது. முடிச்சு என்னவோ ஒன்றுதான். சிறப்புப் படைகளுக்காக 8 சினூக் எம்.கே.3 ஹெலிகாப்டர்களுக்கு 1995ல் ஆர்டர் கொடுத்தார்கள். 1998ல் பணியில் சேர வேண்டியவை. வந்தன, பளபளவென்று. ஆனால் காக்பிட் மென்பொருள் பாதுகாப்பானது என்று பிரிட்டனின் விதிப்படி நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்கத் தேவையான மூல நிரல் கைக்கு வருவதற்கு ஒப்பந்தத்தில் வழி செய்யவில்லை! மேகம் இல்லாத வானத்தில், 500 அடிக்கு மேலே, தரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பறக்கலாம் என்றுதான் அனுமதி கிடைத்தது. இருட்டில் தாழப் பறந்து சிறப்புப் படையினரை இறக்க வாங்கிய ஹெலிகாப்டருக்கு!

எட்டும் வருடக்கணக்கில் கொட்டகையில் நின்றன. அதே காலத்தில்தான் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் போதவில்லை என்று பிரிட்டிஷ் படைகள் கேட்டுக்கொண்டிருந்தன. சாலையில் போனால் கண்ணிவெடி, வானத்தில் போக வண்டி இல்லை. செலவு 400 மில்லியன் பவுண்டைத் தாண்டியது.

2007ல் முடிவெடுத்தார்கள். புது மென்பொருளைக் கழற்றிவிட்டு, ஏற்கனவே பறந்துகொண்டிருந்த பழைய எம்.கே.2 ரகக் காக்பிட்டைப் பொருத்துவது என்று. அப்படி மாற்றிய முதல் ஹெலிகாப்டர் 2009 ஜூலையில் பறந்தது. முழு டிஜிட்டல் காக்பிட் பிற்பாடு ‘ஜூலியஸ்’ என்ற தனித் திட்டத்தில் அவற்றுக்கு வந்தது. அதன்பின் எம்.கே.5 என்று பெயரும் மாறியது.