பாரூர் ஏரிக்கரையில் சில விவிலியச் சொற்கள்

விவிலியத்தின் 150 சங்கீதங்களுள் முதலாவது, இறைவனின் சட்டத்தை ஓயாமல் தியானிப்பவனைப் பற்றிப் பேசித் தொடங்குகிறது. தியானம் என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் கண்மூடிப் பேச்சற்று அமர்ந்திருக்கும் ஓர் உருவமே எழும். ஆனால் எபிரேய மூலத்தில் அங்கே நிற்கும் 'ஹாகா' என்னும் வினைச்சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது, புறாவின் அனத்தலுக்கும் இரையின்மேல் நிற்கும் சிங்கத்தின் உறுமலுக்கும் ஏசாயா நூல் அதே சொல்லைத்தான் ஆள்கிறது. வாயும் தொண்டையும் சேர்ந்து செய்கிற இந்த வேலைக்குத் தியானம் என்பதைவிட, மாடு மேய்ந்து முடித்து நிழலில் படுத்துச் செய்யும் அசைபோடுதல் என்பதே நெருங்கிய சொல்லாகத் தோன்றுகிறது. அசைபோடும் சொல் வாயில் இருக்க, கண்ணுக்கு எது எதிர்ப்படுகிறது என்பதும் அச்சங்கீதத்தில் உண்டு: தியானிப்பவனைச் சொன்ன கையோடு கவிஞர் காட்டுவது, தண்ணீரோரம் நிற்கும் ஒரு மரத்தை.

அந்தத் தண்ணீர் எத்தகையது என்பதில் தமிழ் மொழிபெயர்ப்புகள் இரண்டும் பிரிகின்றன. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்து, சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் வழங்கும் பழைய திருப்புதல் 'நீர்க்கால்கள்' என்கிறது. கத்தோலிக்கர் வழிபாட்டில் பயன்படுத்தும், 1995-இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'நீரோடை' என்கிறது. காதுக்கு இனியது ஓடைதான் என்றாலும், ஓடை தானாக ஓடுவது, கால் என்பது மனிதர் வெட்டிப் பிரித்துக் கொண்டுபோவது. வாய்க்கால் என்ற சொல்லின் பின்பாதி அதுவே. எபிரேயத்தில் உள்ள 'பெலெக்' என்னும் சொல் 'பிரித்தல்' என்ற வேரிலிருந்து வந்து, பிரித்துவிடப்பட்ட நீரைக் குறிப்பதாகையால், இந்த ஓரிடத்தில் பழைய மொழிபெயர்ப்பே துல்லியமானது என்று துணிந்து சொல்லலாம். மரத்துக்குரிய வினையும் அப்படியே: அது தானாக முளைத்தது அன்று, ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் நடப்பட்டது என்ற பொருளையே மூலச்சொல் தருகிறது, நாற்று பிடுங்கி நடுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்திலுள்ள பாரூரில் நீர்க்கால் என்ற சொல்லுக்குக் கண்முன்னே உரை கிடைக்கிறது. பாரூர் பெரிய ஏரி மழையை மட்டும் நம்பியது அன்று. தென்பெண்ணையாற்றின் குறுக்கே நெடுங்கல்லில் உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் அதற்கு வந்து சேர்கிறது, பின் கிழக்கு, மேற்கு என்னும் இரு பிரதானக் கால்வாய்களாகப் பிரிந்து ஏறத்தாழ 2,400 ஏக்கருக்குப் பாய்கிறது. ஏரி நிறைந்து உபரிநீர் வழிவதை இப்பக்கத்தார் 'கோடி போவது' என்பார்கள். கலிங்கு என்று நூல்கள் சொல்வதன் வட்டார வழக்கு அது, எல்லைக்கு அப்பால் கன்னடத்திலும் அதே சொல்தான். மதகு திறக்கும் நாள், எந்த மடைக்கு எத்தனை நாள் என்ற முறை, தன் வயலுக்கு முறை வரும் இரவில் மண்வெட்டியோடு கரையில் காத்திருத்தல் என இத்தனையும் சேர்ந்ததே ஒரு நீர்க்கால். கோடையில் மேட்டு நிலத்து மாந்தோப்பு வானத்தைப் பார்த்து நிற்கையில், கால்வாய் ஓரத்துத் தென்னை பச்சை மாறாமல் நிற்பதைக் காண்பவருக்கு, இலை உதிராத மரம் என்ற உவமையில் கற்பனையாக எதுவும் மிஞ்சுவதில்லை.

இயற்கையில் இறைவனைக் காண்பது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆளரவமற்ற மலையுச்சிக்கும், கைபடாத காட்டுக்கும் வாசகரை அழைத்துப் போகிறார்கள். விவிலியம் அங்கெல்லாம் போகாமல் இல்லை; யோபு நூலின் பின் அதிகாரங்களில் மனிதர் நுழையாத பாலையில் பெய்யும் மழையும், யாருக்கும் கட்டுப்படாத காட்டுக் கழுதையும் வருகின்றன. ஆயினும் அதன் பெரும்பகுதி உவமைகள் உழைத்த நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவை: விதைப்பு, களை, கடுகு, ஆட்டுக்கிடை, கிணறு, வெட்டிய கால்வாய். தொழிற்பேட்டைக்குத் தொழிலாளரை ஏற்றிப்போகும் கம்பெனி பேருந்தின் சன்னலிலிருந்து ஏரியைப் பார்ப்பவர், தூய இயற்கை தமக்குக் கிட்டவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

அடுத்த சொல் ஆவி. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் நீர்ப்பரப்பின்மேல் அசைவதாகச் சொல்லப்படுவது எபிரேயத்தில் 'ரூவாக்'. காற்று, மூச்சு, உயிர்ப்பு மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இச்சொல்லின் கதை சுவையானது. கன்னடத்தில் நீராவி 'ஆவி', தெலுங்கில் 'ஆவிரி'. என்றாலும் அவ்விரு மொழிகளும் அச்சொல்லை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, கோவிலுக்குள் 'பவித்ராத்மா', 'பரிசுத்தாத்மா' என்று ஆத்மாவையே அழைத்துக்கொண்டன. தமிழ் கத்தோலிக்கரும் முற்காலத்தில் போர்த்துகீசிய ஒலியோடு 'இஸ்பிரீத்து சாந்து' என்றே செபித்தார்கள். பின்னர் நிலைபெற்ற 'பரிசுத்த ஆவி', 'தூய ஆவி' என்னும் தொடர்களில்தான் இட்டலிப் பானையின் ஆவி கோவிலுக்குள் வந்தது. சளி பிடித்தவர் ஆவி பிடிப்பதும், பேய் பிடித்ததாக ஊர் பேசும் ஆவியும் இதே சொல் என்பதால் போதகர்களுக்குச் சில சங்கடங்கள் உண்டு. ஆனாலும் மூச்சையும் காற்றையும் விட்டுவிடாத ரூவாக்கிற்கு, உடலற்ற ஆத்மாவைவிட ஈரமும் வெப்பமும் உள்ள ஆவியே நெருங்கிய உறவு. மார்கழி விடியலில் ஏரிப் பரப்பிலிருந்து வெண்மையாக ஆவி எழுந்து கரைவதைப் பார்த்தபடி அந்த வசனத்தை அசைபோடுபவர் சொல்லையும் பொருளையும் ஒருசேரக் காண்கிறார். அங்கே வரும் 'அசைதல்' என்னும் வினையும் பறவைக்கு உரியது. உபாகமத்தில் குஞ்சுகளின்மேல் சிறகசைக்கும் கழுகுக்கு அது வருகிறது. நீருக்குமேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்று கீழே உற்றுப் பார்க்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பார்த்தவருக்கு அவ்வினை உடனே விளங்கும்.

கன்மலை என்ற சொல்லும் இம்மாவட்டத்துக்கு அயலானது அன்று. இறைவனைக் கன்மலை என்றும் கோட்டை என்றும் சங்கீதங்கள் சேர்த்தே அழைக்கின்றன. 1791-இல் ஆங்கிலேயப் படை ஏறிப் பிடிக்க முயன்று முடியாமல் திரும்பிய கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் அவ்விரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள இப்பாறைகள் இன்று கிரானைட் பலகைகளாக அறுக்கப்பட்டு, 'பாரடைசோ' என்ற பெயரோடு வெளிநாட்டுச் சமையலறை மேடைகளுக்குப் போகின்றன. இத்தாலிய மொழியில் அப்பெயரின் பொருள் சொர்க்கம். அசையாததற்கு உவமையாக ஆளப்பட்ட பொருள் லாரியில் ஏறிப்போவதைக் காணும் ஊரில் அந்தச் சங்கீதங்களைப் பாடுவது கொஞ்சம் கடினம்தான்.

ஆவியையும் கல்லையும் கடவுளாகவே கொள்வதன்று இங்கே சொல்லப்படுவது. படைப்புகளைக் கண்டு படைத்தவரை உணரலாம் என்று உரோமையருக்கு எழுதும் பவுல், படைப்பையே தொழுவதை அதே அதிகாரத்தில் கண்டிக்கிறார். எலியாவின் கதையில் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத இறைவன் அதன்பின் வந்த மெல்லிய ஒலியில்தான் உணரப்படுகிறார். இயற்கை அடையாளம் காட்டும், கணக்கும் கேட்கும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பக்தி எழுத்துகள் எளிதாக விட்டுவிடுகின்றன.

எசேக்கியேல் நூலின் 34-ஆம் அதிகாரம் மேய்ப்பனைப் பற்றியது. காணாமற்போனதைத் தேடுவதும், காயம்பட்டதைக் கட்டுவதுமாகிய அதன் பகுதிகள் ஆறுதலுக்காக அடிக்கடி வாசிக்கப்படுகின்றன. ஆனால் அதன் நடுவில் இறைவன் கொழுத்த ஆடுகளிடமே வழக்குத் தொடுக்கிறார்: தெளிந்த நீரை நீங்கள் குடித்தீர்கள், மீதியை ஏன் காலால் கலக்கினீர்கள், பின்னால் வரும் ஆடுகள் அந்தக் கலங்கலைத்தானே குடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவ்வழக்கின் சாரம். மேல்மடைக்காரனும் கீழ்மடைக்காரனும் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் நியாயம் இது. உரையாசிரியர் எவரும் தேவையில்லை.

பாரூர் இந்த வழக்கில் கீழ்மடையில் இருக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் 'தட்சிண பினாகினி' என்ற பெயரோடு பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் புறநகரங்களைத் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அது வெண்ணுரை பொங்க வந்து விழும் காட்சி செய்திகளில் அடிக்கடி வருவது. மாநகரத்தின் கழிவுநீரும் ஆலைக்கழிவும் சேர்ந்த நுரை அது. ஓசூரும் தன் தொழிற்பேட்டைகளோடு இதே ஆற்றின் படுகையில்தான் இருக்கிறது என்பதால் பழியை மாநில எல்லைக்கு அப்பால் மட்டும் தள்ளிவிட இயலாது. அங்கிருந்து ஆறு, 1958 முதல் நீர் தேக்கிவரும் 52 அடி உயரக் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து, பின் நெடுங்கல்லுக்கும், நெடுங்கல்லிலிருந்து கால்வாய் வழியாகப் பாரூர் ஏரிக்கும் போகிறது. சங்கீதத்தின் மரம் குடிப்பது அந்த நீரைத்தான்.

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பகுதிக்கென்று 1997-இல் தனி மறைமாவட்டம் அமைந்தது. எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்கச் சிற்றூர்களும் சீர்திருத்த சபைகளும் இந்த ஆற்றின் படுகையிலேயே ஞாயிறுதோறும் கூடுகின்றன. மேய்ப்பனைப் பற்றிய அந்த அதிகாரம் வாசிக்கப்படும் நாளில், ஆறுதல் வசனங்களோடு நின்றுவிடாமல் 18-ஆம் வசனத்தையும் சேர்த்து உரக்க வாசிக்க வேண்டும்.