பத்து நொடியில் வெளியே வந்த டேப்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போனாலும் வருத்தமில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போன் அடித்தது. பழைய மாணவன். பேரும் கம்பெனியும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரகடம் சிப்காட்டில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஓர் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ப்ளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவன். பிறகு டிப்ளமா. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் இப்போது அவன் ஒருத்தன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், சர்வர் படுத்தாலும் அவன்தான்.

"சார், ஒரு சந்தேகம்" என்றான். குரலைக் கேட்டதும் புரிந்தது, சந்தேகம் இல்லை, பயம்.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் இந்த முகநூல் வரைக்கும்தான் என்று சொன்னேன். "தெரியும் சார். நீங்க கேள்வி மட்டும் கேளுங்க. லேப்ல நிக்க வச்சுக் கேப்பீங்கல்ல, அந்த மாதிரி" என்றான்.

விஷயம் இது. அவர்கள் சர்வரில் ஐந்து டிஸ்க். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்று செத்துவிட்டது. 'ரெய்டு' என்று ஒரு முறையில் அவற்றைக் கட்டி வைத்திருக்கிறார்களாம். (ரெய்டு என்றதும் எனக்கு வருமான வரித்துறைதான் ஞாபகம் வந்தது.) நான்கு எண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் எழுதி வைத்திருந்தால், அதில் ஒன்று அழிந்தாலும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ஏறக்குறைய அந்தக் கணக்குதான். ஒன்று போனால் மற்ற நான்கும் தாங்கும். இரண்டாவதும் போனால் ஒன்றும் மிஞ்சாது. ஐந்தும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயசு. புது டிஸ்க் செவ்வாய்க்கிழமைதான் வரும். அதைப் போட்டதும் மற்ற நான்கையும் முழுசாகப் படித்துத்தான் புதியதை நிரப்ப வேண்டும். கிழடுகள் அந்த உழைப்பில்தான் பெரும்பாலும் சாகும் என்றான். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் டேப்பில் எடுத்து வைத்துவிட வேண்டும். டேப் டிரைவ் எழுத மறுக்கிறது.

உள்ளே இருப்பது 11 வருஷத்துச் சோதனைப் பதிவுகள். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்தத் தொகுதி இரும்பு, கடினத்தன்மை எவ்வளவு, அளந்தது யார். நாளைக்கு எங்கேயோ ஒரு வண்டியில் அந்தப் பாகம் உடைந்தால் கார் கம்பெனி முதலில் கேட்பது இதைத்தான். காட்ட முடியாவிட்டால் சந்தேகம் ஒரு தொகுதியோடு நிற்காது; செலவு சப்ளையர் தலையில், பழி அன்றைக்கு மெஷினில் நின்றவன் தலையில். நிற்பவர்களில் பாதிப் பேர் கான்ட்ராக்ட் பையன்கள். நான் பாடம் எடுத்த பிள்ளைகளும் அதில் உண்டு.

இந்தக் காலத்திலுமா டேப் என்று நானும் கேட்டேன். இருக்கிறது. 2011 பிப்ரவரியில் கூகுளின் மென்பொருள் மாற்றம் ஒன்றில் ஏற்பட்ட பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேருக்கு அஞ்சல்பெட்டி காலியாகத் தெரிந்தது. பல ஊர்களில் பிரதிகள் வைத்திருந்தும் பிழை அவற்றையும் பாதித்துவிட்டது. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். அலமாரியில் தனியாகக் கிடக்கும் பொருளை வைரஸும் தொடாது, தப்பாக அமுக்கிய பட்டனும் தொடாது.

அவனிடம் இருப்பது எல்.டி.ஓ. ஐந்தாம் தலைமுறை. ஒரு டேப்பில் 1.5 டெராபைட் கொள்ளும். அரை அங்குல அகலம், 846 மீட்டர் நீளம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 80 தடவை ஓடினால்தான் டேப் நிறையும். பெருக்கிப் பார்த்தேன், 67 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. சென்னையிலிருந்து கிட்டத்தட்டக் காஞ்சிபுரம். அவ்வளவு தூரமும் ஹெட் மேல் உரசிக்கொண்டே போகிறது. அழுக்குப் படியாமல் என்ன செய்யும்? நாம் கேசட் காலத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைத்தவர்கள்தானே.

"என்னடா விளக்கு எரியுது?"

"கிளீன்னு ஒண்ணு சார், ஆரஞ்சு கலர்ல."

"அப்ப துடைக்க வேண்டியதுதானே?"

"மாசாமாசம் துடைக்கிறேன் சார். இப்பகூடப் போட்டேன். கிளீனிங் டேப்பை உள்ள தள்ளினா அதுவே வேலையை முடிச்சு வெளிய அனுப்பிடும்."

"எவ்வளவு நேரத்துல அனுப்பிச்சு?"

கொஞ்சம் யோசித்தான். "பத்து செகண்ட் இருக்கும்."

"முதல் முதலா போட்டப்ப எவ்வளவு நேரம் ஆச்சு?"

பதில் இல்லை. லேபில் ஊசல் அலைவுகளை எண்ணாமலே நேரம் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளிடம் வரும் அதே மௌனம். டேப்பின் உறையைப் படித்துப் பார் என்றேன். 50 முறை பயன்படுத்தலாம் என்று போட்டிருந்தது. கூடவே 50 சின்னக் கட்டங்கள் உள்ள ஓர் ஒட்டுத்தாள், ஒவ்வொரு முறையும் ஒன்றில் குறி போட. ஒன்றில்கூடக் குறி இல்லை. ஆனால் டேப்புக்குள் ஒரு சிப் இருக்கிறது, அது எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எண்ணிக்கை தீர்ந்ததும் டிரைவ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, துடைக்காமலே திருப்பித் தந்துகொண்டிருந்தது. இவன் வெளியே வந்துவிட்டது, முடிந்தது என்று அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான்.

பேக்கப் எத்தனை நாளாக ஆகவில்லை என்று பார்க்கச் சொன்னேன். ஏழு வாரம். ஒவ்வொரு ராத்திரியும் 'தோல்வி' என்று சர்வர் மெயில் அனுப்பியிருக்கிறது. யாருக்கு? இவனுக்கு முன்னால் இருந்தவருக்கு. அவர் வேலையை விட்டு பெங்களூரு போய் இரண்டு வருஷம். அதற்கு முந்தைய மெயில்களும் அங்கேதான் போயிருக்கும், ஆனால் அப்போது எல்லாம் 'வெற்றி', யாருக்கும் தேவைப்படவில்லை.

திட்டலாம் என்று வாய்வரை வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெரிய கார் தொழிற்சாலைகளே சில நாள் உற்பத்தியை நிறுத்தின. அந்த வாரம் இவன் முழங்கால் தண்ணீரில் நடந்து என் வீட்டுக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தவன். திட்டவில்லை.

புதுக் கிளீனிங் டேப்புக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? ரிச்சி தெருவில் கடை இருக்காது. இங்கேதான் கிழட்டு வாத்தியார் உபயோகப்பட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் இவனுக்கு மூன்று செட் மூத்தவன் ஒருத்தன் இதே வேலை பார்க்கிறான். போன் போட்டேன். "இருக்கு சார், நானே கொண்டு போறேன்" என்றான். மழைத் தூறலில், ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போய்ச் சேர்ந்தான். வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. தகவல் பதியும் எந்தப் பொருளும் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாதாம். இது பதியும் டேப் இல்லை, துடைக்கும் டேப் என்று அந்த மனிதருக்குப் புரிய வைக்க முக்கால் மணி நேரம். கடைசியில் மேனேஜரைப் போனில் பிடித்து, நோட்டில் எழுதி உள்ளே வாங்கினார்கள். ஈரத்தோடு சொருகாதே, அறையின் சூட்டுக்கு வரட்டும் என்று அரை மணி நேரம் காக்க வைத்தேன்.

போட்டான். இந்தத் தடவை பத்து நொடியில் வரவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஏதோ சத்தம், பிறகு விளக்கு அணைந்தது. எனக்கு இங்கே வியர்த்துவிட்டது.

எழுத ஆரம்பித்தான். எழுதியது, ஆனால் ஆமை வேகம். போனை டிரைவ் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். (படம் அனுப்ப வழியில்லை. வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.) ஓடுகிறது, நிற்கிறது, பின்னால் போகிறது, மறுபடி ஓடுகிறது. ஓயாமல் இதே. கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்று வாங்குகிற மாதிரி இருக்கிறதே என்றேன். அவன்தான் பிடித்துக்கொண்டான். "ஆமா சார்! டேப்புக்குத் தீனி பத்தல. சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்குல இருக்கு, டிஸ்க்கும் நொண்டுது." டேப் ஓரளவுதான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே தகவல் வந்தால் நின்று, பின்வாங்கி, மறுபடி பிடிக்க வேண்டும். ஹெட்டும் தேயும், டேப்பும் தேயும். டிசைன் பிரிவில் ஒரு கம்ப்யூட்டரில் இடம் காலியாக இருந்தது. எல்லாவற்றையும் முதலில் அங்கே ஒரே பெரிய ஃபைலாகக் கட்டிவிட்டு, அங்கிருந்து டேப்புக்கு அனுப்ப முடிவு செய்தான். யோசனை முழுக்க அவனுடையது.

கட்டி முடிய இரவு ஒன்றரை மணி. அதற்கப்புறம் டேப் நிற்காமல் ஓடியது. நான் தூங்கவில்லை. வீட்டம்மா எழுந்து, "பரீட்சை பேப்பர் திருத்தின காலத்துலகூட இவ்வளவு முழிச்சதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றரைக்குக் கூப்பிட்டான். "முடிஞ்சிடுச்சு சார். சக்சஸ்னு வந்துடுச்சு."

"புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு" என்றேன்.

சிரித்தான். வகுப்பில் படித்துவிட்டேன் என்று சொல்லும் யாரையும் நான் அப்படித்தான் கேட்பேன். டேப்பிலிருந்து ஒரு பழைய ஃபோல்டரை வேறு இடத்தில் இறக்கித் திறந்தான். 2016 மார்ச், இரண்டாம் ஷிப்ட். எண்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு அதில் ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்டேன். அந்தக் கம்பெனியில் ஒரு டேப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவையாம். பிறகு அலமாரியில் இருந்த பழைய டேப்புகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். இரண்டு படிக்கவே இல்லை.

என் அப்பா பாடின கேசட் ஒன்று இருந்தது. நன்றாகத்தான் இருக்கும் என்று பல வருஷம் பீரோவில் வைத்திருந்து, ஒரு நாள் போட்டால் சினிமாப் பாட்டு. பையன் மேலே பதிந்துவிட்டிருக்கிறான். நிலாவில் மனிதன் இறங்கியபோது வந்த மூலச் சமிக்ஞைகள் பதிந்த டேப்புகளையே நாசா அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009 இல் அவர்களே சொன்னார்கள். அன்றிலிருந்து பையன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

செவ்வாய்க்கிழமை புது டிஸ்க் வந்தது. மற்ற நான்கும் தாங்கிவிட்டன. புதன் காலையில் எல்லாம் பச்சை விளக்கு. அந்த டேப் தேவையே படவில்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது கம்பெனியில் யாருக்கும் பெரிய விஷயமாகவும் இல்லை. வெளிப்பொருளை உள்ளே கொண்டுவந்ததற்கு விளக்கம் கேட்டு இவனுக்கு ஒரு மெமோ மட்டும் வந்தது. பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கம், எழுத்துப்பிழை இல்லாமல். தோல்வி மெயில்கள் இப்போது இவனுக்கும் மேனேஜருக்கும் சேர்ந்து வருகின்றன.

இரவல் டேப்பைத் திருப்பிக் கொடுக்க அடுத்த ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை போய்விட்டு, வழியில் என் வீட்டில் காபி குடித்தான். பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மூத்தவன் அதில் 11 கட்டங்களில் குறி போட்டிருந்தான். பன்னிரண்டாவதில் இவன் தேதியோடு டிக் அடித்திருந்தான்.