திரும்பி வந்தவளுக்குப் பத்தியம்

காணாமல் போன பூனை வாசலில் வந்து நின்றால் வீட்டில் யாருக்கும் தலைகால் புரிவதில்லை. ஒருத்தர் பாலைக் காய்ச்ச ஓடுவார், இன்னொருத்தர் மீன் வாங்கக் கிளம்புவார். "பாவம், எத்தனை நாள் பட்டினியோ!" என்று வயிறு முட்டப் போடத்தான் மனசு சொல்லும். ஆனால் பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியம் எப்படியோ, பட்டினி கிடந்த பூனைக்கும் அப்படித்தான். விருந்தெல்லாம் பிறகு.

எங்கள் செம்பியை வைத்து நான் தெரிந்துகொண்டது இது. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, நினைவிருக்கிறதா? பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்திலும் தெருவை மறித்து மரங்கள் கிடந்தன. அந்தச் சத்தத்தில் மிரண்டு ஓடியவள்தான் செம்பி.

விழுந்த மரங்களுக்கு அடியிலும், பக்கத்து குவார்ட்டர்ஸ்களின் ஸ்கூட்டர் ஷெட்டுகளிலும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினோம். திரும்பக் கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, காணாமல் போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மிரண்ட பூனை தூரமாக ஓடாது. பக்கத்திலேயே பதுங்கிக்கொண்டு, கூப்பிட்டாலும் குரல் கொடுக்காமல் இருக்கும். ஆகவே தேடுகிறவர்கள் சீக்கிரம் கைவிட வேண்டாம்.

பதினோராம் நாள், ஜனவரி 9-ஆம் தேதி விடிகாலை. அவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பக்கம் ஈனசுரத்தில் ஒரு குரல். பார்த்தால் செம்பி! எலும்பும் தோலுமாக, பின்னங்காலில் சீழ் வைத்த புண்ணோடு நின்றாள்.

சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. என் பெண் வளைகாப்பு முடிந்து, எட்டாம் மாதத்தில் பிரசவத்துக்காக எங்களோடு இருந்தாள். மாமியார் நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். "ஏம்மா, வாயும் வயிறுமா ஒருத்தி வீட்ல இருக்கா. எங்கெங்கயோ சுத்திட்டு வந்த பூனையை உள்ள விடணுமா?" என்றார்.

"வெளில விட்டா செத்துப் போயிடும்மா" என்று பெண் கண் கலங்கினாள்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு செம்பியைத் தூக்கி, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் முதலில் பிடரித் தோலை லேசாகக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே படியாமல் மெள்ள இறங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தமாம். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். புண்ணைக் கழுவி மருந்து கொடுத்தார். நாய் கடித்த புண்ணாகவும் இருக்கலாம் என்பதால், ஏற்கெனவே வெறிநோய்த் தடுப்பூசி போட்டவள்தான் என்றாலும் மறுபடி ஒன்று போட்டார்.

பிறகு பத்தியம் சொன்னார். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக ஆகாரம் சேர்ந்தால் ரத்தத்திலுள்ள தாது உப்புகள் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதற்காகச் சாப்பிடாமலே விடவும் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடும். கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் தாமதிக்கவே கூடாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியை நன்றாக மசித்து, மூன்று மணிக்கொரு தரம் ஒரு ஸ்பூன் வைத்தேன். நாளாக நாளாக அளவைக் கூட்டினேன். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்பதால், குழம்பிலிருந்து எடுத்த துண்டு ஆகாது. பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது. பேதியாகி, இருக்கிற நீரும் போய்விடும்.

உடம்பு சுடுகிறதே என்று நாம் விழுங்கும் பாரசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். ஃபினாயில், டெட்டால் போட்டுத் துடைப்பதும் வேண்டாம்; நக்கியே உள்ளே தள்ளிவிடும்.

இனி கர்ப்பிணி விஷயம். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும். மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அது தொற்றும் பருவத்துக்கு வரும். ஆகவே மண் தட்டை தினமும் சுத்தம் செய்துவிட வேண்டும், அதைக் கர்ப்பிணி செய்யக் கூடாது. எங்கள் வீட்டில் அது அவருடைய 'டியூட்டி' ஆயிற்று. பூனையே இல்லாத வீட்டிலும் சரியாக வேகாத கறி, கழுவாத காய், தோட்டத்து மண் மூலமாக இந்தக் கிருமி வரும் என்று நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் மாமியார் முகம் கொஞ்சம் தெளிந்தது.

செம்பிக்கு ஸ்டோர் ரூம்தான் ஆஸ்பத்திரி. பயந்த பூனை, பழகினவர்களையும் கடிக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கதவைச் சாத்தியே வையுங்கள். கடியோ கீறலோ பட்டால் சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் தடவாமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே ஊசி போட்டுக்கொள்ளப் போக வேண்டும்.

நாலு நாள் செம்பி தின்றாள், தூங்கினாள், அவ்வளவுதான். சுகமில்லாத பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்தவள், முன்னங்காலை நக்கி நக்கி முகத்தைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பெண் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, அங்க பாரேன்!" என்றாள்.

மாமியாரும் எட்டிப் பார்த்தார். "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா போல இருக்கே! இனிமே பயமில்ல" என்றார்.