வாப்பாவின் வண்டி

பழைய இரும்புக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவுண்டு. சென்னையில் பழைய இரும்புச் சாமான் வாங்கி விற்கும் கடைக்குக் ‘காயலான்கடை’ என்று பெயர். ஒரு காலத்தில் காயல்பட்டினத்தார் இத்தொழிலில் இங்கு மிகுந்திருந்தமையால் அப்பெயர் வழங்கலாயிற்று என்பர். அவ்வூரிலிருந்து வந்து திருவல்லிக்கேணியில் குடியேறிய குடும்பம் நம்முடையது. அப்படிப்பட்ட வீட்டிலேயே, “வாப்பாவின் மோட்டார் சைக்கிளைக் காயலான்கடையில் போட்டுவிடலாமா?” என்னும் கேள்வி எழுந்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வேதனையும் வந்தது.

கேட்டவர் நம் காக்கா. அவர் கேட்டதில் குற்றமில்லை. வாப்பா வஃபாத்தாகிப் பதினோர் ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்கும் முன்பிருந்தே அவ்வண்டி மாடிப்படியின் கீழே சாக்குப் போர்த்திக் கிடந்தது. கடற்கரைக்கு இத்தனை அருகிலுள்ள பேட்டையில் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்குமா? சக்கரக் கம்பிகள் துருவேறி, இருக்கை கிழிந்து, எலி குடியேறிய நிலையில் இருந்தது அந்த 1968-ஆம் ஆண்டு புல்லட்.

அவ்வண்டிக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பைச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு. இந்திய ராணுவத்துக்குப் புல்லட் வண்டிகள் தேவைப்பட்ட காலத்தில், சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அவற்றைத் தருவித்துக் கொடுத்தது. பின்னர் 1955-இல் இரு நிறுவனங்களும் கூடி என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன; காலப்போக்கில் யாவும் இங்கேயே உருவாயின. தாய் நிறுவனம் 1970-இல் தன் நாட்டில் மூடுவிழாக் கண்டது. சேயோ வடசென்னையில் தொடர்ந்து வாழ்ந்தது. 1994-இல் ஐச்சர் நிறுவனத்தின் கைக்கு வந்தபின் பழைய பெயரே மீண்டும் நிலைத்தது.

வாப்பா மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதி வந்தார். 1971-இல் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாகவே இதை வாங்கினார். காலையில் கடற்கரைச் சாலை வழியே அதில் போவார். மக்ரிபுக்குப் பின் திரும்புவார். தெருமுனையில் அதன் ஓசை கேட்டதும் உம்மா அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றுவார்கள். நமக்கோ பதினைந்து வயதில் அவ்வோசையே வெட்கமாக இருந்தது. 1980-களின் நடுவில் ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் வந்த நூறு சி.சி. வண்டிகள் தெருவில் ஓசையின்றிப் பறந்தன. “இந்தக் கிழட்டு வண்டியில் பள்ளிக்கூட வாசலுக்கு வராதீர்கள்” என்று ஒருநாள் சொன்னோம். வாப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் ஒரு தெரு தள்ளியே நம்மை இறக்கிவிட்டார். அந்தக் கடனைத் தீர்க்கவே வண்டியைப் பிரிக்கத் துணிந்தோம் என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பிரிப்பது எளிது; பூட்டுவதே அரிது. ஒவ்வோர் உறுப்பைக் கழற்றுமுன்னும் படம் எடுத்தோம். திருகாணிகளைத் தனித்தனிப் பிஸ்கட் டப்பாக்களில் இட்டுச் சீட்டு ஒட்டினோம். இல்லாத உறுப்புகளுக்காகப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் பல மாலைகள் அலைந்தோம். பெட்ரோல் தொட்டியின் உட்துருவைப் போக்கச் சிறு கூழாங்கற்களும் காடியும் இட்டுக் குலுக்கி, சோடா உப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்தினோம். வீட்டில் இப்பணி செய்வோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். நிறைந்த தொட்டியினும் காலித் தொட்டியே கொடியது. அதனுள் தங்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே அதன் அருகில் நெருப்பு ஆகாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கும். அத்தூளை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்தது வண்ணம். இங்கேதான் வீட்டில் வழக்கு முளைத்தது. தொட்டி நெடுகத் தீச்சுவாலை தீட்டவேண்டும் என்றான் நம் மகன். வாப்பா ஓட்டிய கறுப்பே வேண்டும் என்றோம் நாம். சட்டமும் நம் பக்கம் நின்றது: வண்டியின் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் அதைக் குறிக்கச் செய்ய வேண்டும். தவிர, ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவம் கெடாத வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறை 2021-இல் வந்துள்ளது. ஆனால் அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட இயலாது. ஓட்டத்தானே நாம் ஆசைப்பட்டோம்! எனவே வழக்கமான மறுபதிவையே நாடினோம். சட்டத்தின் எண் பொறித்த இடத்தை உப்புத்தாள் தீண்டாமல் காத்ததும் அதற்காகவே.

இறுதியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. தொட்டி கறுப்பு, அதன்மேல் ஓடும் பொன்னிறக் கோடு மட்டும் மகனின் விருப்பம். திருவொற்றியூரில் அக்கோடுகளைக் கைத்தூரிகையாலேயே வரைவது மரபு. மகன் வீட்டுப் பெட்டியிலிருந்த அப்பாவின் பழைய அரபுத்தமிழ் நூலொன்றைத் திறந்து, அதன் ஓரத்தில் ஓடிய கொடியைப் பார்த்து வரைந்து வந்தான். கோடு முடியுமிடத்தில் அக்கொடி ஒரு சுருளாகச் சுருண்டு நிற்க வேண்டுமாம். தீச்சுவாலை கேட்ட பிள்ளை கொடிக்கு வந்துசேர்ந்ததில் நமக்கு மகிழ்ச்சியே.

வரைவதற்கு நம் பேட்டையில் கடைப் பெயர்ப்பலகை எழுதிவந்த பெரியவர் ஒருவர் இசைந்தார். பிளெக்ஸ் பலகைகள் வந்தபின் தூரிகைக்கு வேலை குறைந்துபோன மனிதர் அவர். பழைய வண்ணத்தைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு பூசி, மேடுபள்ளங்களைப் பட்டியால் நிரவி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கும் வேலை எல்லாம் எங்கள் மாடியிலேயே நடந்தது. முதல்முறை பிற்பகலில் வண்ணம் தெளித்தோம். கறுப்பு வெளுத்துச் சாம்பல் பூத்தது. பெரியவர் காரணம் சொன்னார்: தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது, கடற்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அதன்பின் வெயில் ஏறிய காலைப் பொழுதில், கடற்காற்று எழுமுன் வேலையை முடித்தோம். வண்ணம் கண்ணாடிபோல் இறங்கியது.

கோடு போடுமுன் உம்மாவுக்குக் காட்டுவோம் என்று தொட்டியைக் கீழே கொண்டுவந்தோம். உம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். பளபளப்பைக் கண்டு மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ கையால் வலப்பக்கம் தடவினார்கள், மறுபடியும் தடவினார்கள்.

“அந்தப் பள்ளம் எங்கே வாப்பா?”

“பட்டி வைத்து அடைத்துவிட்டோம் உம்மா. இப்போது தெரியவே தெரியாது.”

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள். 1974-ஆம் ஆண்டு, நல்ல மழைக்காலம். நம் தங்கை பிறந்து உம்மா கோஷா ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். இரவில் மிளகு ரசமும் குழைந்த சோறும் தூக்கில் எடுத்துக்கொண்டு வாப்பா வந்திருக்கிறார்கள். வழியில் வண்டி சறுக்கி நடைபாதைக் கல்லில் மோதியிருக்கிறது. ரசம் பாதி கொட்டிப்போயிற்று. முழங்கையில் இரத்தத்தோடு மீதியைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள், “பிள்ளைகளிடம் சொல்லாதே, வண்டி என்றாலே பயந்துபோவார்கள்” என்றார்களாம். உம்மா ஐம்பதாண்டுக்கு மேலாக அச்சொல்லைக் காத்திருக்கிறார்கள்.

“தட்டி நிமிர்த்திவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். ‘கிடக்கட்டும், மகள் பிறந்த தேதி’ என்றுவிட்டார்கள் உங்கள் வாப்பா” என்றும் சொன்னார்கள்.

நமக்கு நாவெழவில்லை. கடனைத் தீர்க்க வந்தவன், எழுதிவைத்த கணக்கையே அழித்துவிட்டோமே! மகன்தான் முதலில் எழுந்து உப்புத்தாளைத் தேடினான். பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். தம் உழைப்பு வீணாகிறதே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. “பட்டி வைப்பதும் எடுப்பதும் தொழில்தானே” என்று கூறி, அந்த ஓரிடத்தில் மட்டும் வண்ணத்தையும் பட்டியையும் தகடு தெரியும்வரை தேய்த்தெடுக்கச் செய்தார். பள்ளம் திரும்பி வந்தது. அதன்மேல் பட்டியின்றி மீண்டும் கறுப்பு ஏறியது. பின்னர் அவர் மூச்சை அடக்கி இழுத்த பொன்னிறக் கோடு, பள்ளத்தில் இறங்கி மறுபுறம் ஏறிச் சென்று மகனின் கொடிச்சுருளில் முடிந்தது. ஒழுங்கான கோடு என்று எந்த நிபுணரும் சொல்லமாட்டார். நமக்கு அதைவிட ஒழுங்கான கோடு வேண்டியதில்லை.

வண்டி பூட்டிய நாளில் காக்காவை வரவழைத்தோம். வாப்பா கற்றுத்தந்த முறை அவருக்கு மறக்கவில்லை. கைப்பிடியருகிலுள்ள சிறு நெம்பை அழுத்தி, ஆம்பியர் முள் நடுவில் நிற்கும்வரை உதைகோலை மெல்ல நகர்த்தி, பிறகு ஒரே மிதி. மூன்றாம் மிதியில் எஞ்சின் பேசியது. காயலான்கடை பற்றிக் கேட்டவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: “யாராவது தோசைக்கல்லைப் போடுங்களேன்.”

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கும். வண்டியோ, தையல் இயந்திரமோ, கடிகாரமோ. அவற்றைப் புதுப்பிப்பது நல்ல காரியம்; செய்யவே வேண்டும். ஆனால் கீறலையும் பள்ளத்தையும் அழிக்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.