மரத்தரைமேல் ஓடு: ஷில்லாங் வீடு ஒன்றின் கதை

அறுத்து, இழைத்து, ஆணியடித்துத் தரையாக்கிய பிறகும் மரம் காற்றின் ஈரத்தோடு தனக்குள்ள உறவை முறித்துக்கொள்வதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி விரிகிறது. பனிக்காலத்தில் உலர்ந்து சுருங்குகிறது. நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாக்கில்தான் பெரிது. சூளையில் வெந்து வந்த டைலுக்கு இப்படிப்பட்ட பருவங்கள் இல்லை. இவ்விரண்டையும் சிமென்ட்டால் இறுகப் பிணைத்தால், அசையும் பொருளின் இழுவையை அசையாத பொருள் தாங்காது. சில பருவங்களுக்குள் இடைப்பூச்சு உதிரும். பிறகு டைல் கீறல் விடும். மேகாலயத் தலைநகரான ஷில்லாங்கில், காசி இனக் குடும்பம் ஒன்றில், பௌதிகத்தின் இந்தச் சிறு உண்மை ஒரு வழக்காகவே வளர்ந்தது.

வழக்கைப் புரிந்துகொள்ள அந்த வீட்டின் வகையை அறிய வேண்டும். 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டம் அதைக் குறித்து 1899இல் வெளியிட்ட அறிக்கை, நிலநடுக்கவியலின் தொடக்ககால நூல்களில் இன்றும் மதிக்கப்படுவது. அந்த அழிவுக்குப் பின் நகரம் கனத்தைக் கைவிட்டு எழுந்தது. மரச்சட்டகம், இக்ரா என்னும் நாணல் வேய்ந்து பூசிய சுவர், தகரக் கூரை, நிலத்திலிருந்து உயர்த்திய பலகைத் தரை என்ற அமைப்பு பரவியது. இதனையே ‘அஸ்ஸாம் வகை வீடு’ என்கிறார்கள். நிலம் குலுங்கும்போது கட்டடத்தின்மேல் விழும் விசை அதன் நிறைக்கு ஏற்பக் கூடும். எடை குறைந்த வீடு அந்த அளவுக்குத் தப்பிக்கும்.

காசி மரபில் குலவீடு கடைசி மகளுக்கு உரியது. அவளைக் ‘கா காத்தூ’ என்பர். உரியது என்றாலும் தன் விருப்பப்படி விற்கவோ இடிக்கவோ அவளுக்கு உரிமையில்லை. தாய்மாமன்மாரும் உடன்பிறந்தாரும் இசைய வேண்டும். பெற்றோரை இறுதிவரை பேணுவதும் அவள் கடமை. இந்த வீட்டின் கடைசி மகள் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிப்பவர். அவருடைய தாய் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு மழைக்காலக் காலையில் சமையலறையின் உளுத்த பலகை தாயின் காலடியில் இறங்கியது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது.

செய்தி கேட்டு வந்த தாய்மாமனின் தீர்ப்பு உடனடியானது: வீட்டை இடித்துக் கான்கிரீட் எழுப்ப வேண்டும். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மரம் உளுக்கிறது; பழுது பார்க்கும் செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது; குடும்பமும் பெருகிவிட்டது. தாய்க்கோ வழுக்காத, துடைத்தால் உலரும் தரை ஒன்று போதும். “அண்ணா, விழுந்தது நான்தான், வீடு இன்னும் விழவில்லை” என்று தமையனிடம் அவர் சொன்னதாக உறவினர் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

இடிப்பதற்கு மாற்றாக முதலில் வந்த யோசனை, பலகைமேல் வழக்கமான முறையில் டைல்ஸ் பதிப்பது. அழைத்துவரப்பட்ட கொத்தனார் 50 மி.மீ. சிமென்ட் கலவைப் படுகை கேட்டார். மகள் கணக்கிட்டார். அறை 3.6 மீட்டருக்கு 3 மீட்டர். அந்தக் கனத்தில் கலவை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ; அறை முழுவதற்கும் ஒரு டன்னுக்கு மேல். 10 மி.மீ. டைல்ஸ் இன்னும் 250 கிலோ. 1897இன் படிப்பினையால் எடை குறைத்துக் கட்டப்பட்ட வீட்டின்மேல், காலில் ஈரம் படாதிருக்க அத்தனை பாரத்தை ஏற்றுவது வரலாற்று ஆசிரியைக்கு ஒப்பவில்லை.

மறுமொழி தரைக்கு அடியிலிருந்து வந்தது. குடும்பத்துக்குப் பழக்கமான முதிய தச்சர் பலகைகளைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றும் நடுவில் தாழ்ந்து, இரு விளிம்புகளிலும் உயர்ந்திருந்தது. அடிப்புறம் மேற்புறத்தைவிட மிகுதியாக ஈரம் குடித்தால் பலகை அப்படித்தான் வளையும். அவர் தரைக்கடியில் தவழ்ந்து சென்று காரணத்தைக் கண்டுவந்தார். பல ஆண்டுகளுக்கு முன் எலித் தொல்லைக்காக அடித்தளத்தின் காற்றுத் திறப்புகளை யாரோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். மண்ணின் ஆவி வெளியேற வழியின்றி மரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. “மரத்தின்மேல் குற்றமில்லை அம்மா, அதை மூச்சுவிட விடவில்லை” என்றார். திறப்புகளைத் திறந்து கம்பி வலை அடித்து, ஒரு பனிக்காலம் முழுதும் உலரவிட்ட பிறகே மற்ற வேலை என்பது அவர் போட்ட நிபந்தனை.

பழைய பலகைகளைக் காப்பதற்கு வேறொரு காரணமும் இருந்தது. நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து 1995இல் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவு வடகிழக்கின் மர வணிகத்தை அடியோடு மாற்றியது. தமிழ்நாட்டு மலையொன்றில் தொடங்கிய வழக்கு, ஷில்லாங்கின் தச்சர்களுக்கும் மரத்தின் அருமையை உணர்த்தியது.

உலர்ந்த தரையில் அடுத்த கேள்வி தொய்வு. பீங்கான் டைலுக்கு ஏற்கப்பட்ட வரம்பு, தாங்கும் சட்டத்தின் நீளத்தில் 360இல் ஒரு பங்கு. இயற்கைக் கல்லுக்கு 720இல் ஒரு பங்கு. 3.6 மீட்டர் நீளச் சட்டம் சுமையின்கீழ் 10 மி.மீட்டருக்கு மேல் வளையக் கூடாது. அந்தச் சட்டங்களில் அதைவிட மிகுந்த தொய்வு இருந்தது. தச்சர் அடியில் கற்களை நட்டு, சட்டங்களின் நடுவே ஒரு குறுக்கு உத்திரம் கொடுத்தார். பரவலான சுமையில் தாங்கும் நீளம் பாதியானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். தச்சருக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. உத்திரத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

அதன்பின் உளுத்தவை மாற்றப்பட்டு, பலகைகள்மீது நீர் தாங்கும் பிளைவுட் திருகாணிகளால் இறுக்கப்பட்டது. அதன்மேல் வந்தது, குவாஹாத்தியிலிருந்து வரவழைத்த இடைவிரிப்பு: ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்புள்ள பிளாஸ்டிக் தாள். அதன் அடியில் பஞ்சு போன்ற துணி. மேலே வாய் குறுகி அடி விரிந்த சதுரக் குழிகள். துணி, பிளைவுட்டின் மேல் தடவிய பசையைப் பற்றிக்கொள்ளும். குழிகளில் நிறையும் பசை டைலைப் பிடித்துக்கொள்ளும். கீழே மரம் பக்கவாட்டில் நகரும்போது இடையிலுள்ள தாள் நெகிழ்ந்து கொடுக்கும். இழுவை டைலை எட்டாது. ஆனால் மேலும் கீழுமான தொய்வை இந்தத் தாள் சரிசெய்யாது. உத்திரம் முதலில் வந்தது அதனால்தான். சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதைச் சிமென்ட்டால் அடைக்காமல் சிலிக்கானால் நிரப்பினார்கள். பல் வெட்டிய கரணையால் பசையை இழுத்துப் பரப்பும் வித்தையைக் கொத்தனார் முதலில் நம்பவில்லை. பதித்த டைல் ஒன்றைப் பெயர்த்து, அடிப்புறம் முழுதும் பசை படிந்திருப்பதைப் பார்த்த பிறகே வேகம் பிடித்தார். பிளைவுட்டும் பசையும் டைலும் சேர்ந்து ஏறிய எடை, படுகை முறையில் ஏறியிருக்கக் கூடியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

ஓராண்டு கடந்தது. பிப்ரவரியின் வறட்சியில் சுவரோரச் சிலிக்கான் சற்றே இழுபட்டு, ஜூலை மழையில் மறுபடி பிதுங்கியது. மரம் தன் வழக்கத்தை விடவில்லை. டைல்களில் கீறல் இல்லை. தாய் கைத்தடியோடு அடுப்படிக்குப் போய்வருகிறார். தாய்மாமன் கான்கிரீட் பேச்சை முற்றிலும் கைவிடவில்லை; குடும்பம் பெருகியது உண்மைதானே, அதற்குத் தரையில் விடையில்லை.

மகள் வீட்டுப் பத்திரங்களோடு ஒரு தாளைச் சேர்த்துவைத்திருக்கிறார். அடியில் நட்ட கற்களின் இடங்கள், திருகாணிகளின் இடைவெளி, சிலிக்கானைப் புதுப்பிக்க வேண்டிய காலம் ஆகியவை அதில் உள்ளன. எலி வந்தாலும் காற்றுத் திறப்புகளை அடைக்கக் கூடாது என்ற வரிக்கு மட்டும் அடிக்கோடு. அவருக்குப் பின் அந்த வீட்டைப் பேணப்போகும் கடைசி மகளுக்கு இப்போது ஒன்பது வயது.