திணை வழுவமைதி

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை. மழை ஓய்ந்திருந்தது. வைக்கோற்போரின் பக்கம் குரைத்துக்கொண்டிருந்த மணி திடீரென அடங்கி, தலையைத் தாழ்த்தியபடி வந்து திண்ணையடியில் படுத்தது. முகம் ஒருபுறம் வீங்கியிருந்தது. இரு சிறு துளைகளிலிருந்து குருதி கசிந்தது. டார்ச் அடித்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "கண்ணாடி விரியன்" என்றார்.

"மந்திரிக்கிறவரிடம் கொண்டு போ" என்றார் அம்மா. என் பத்தாம் வயதில் வீட்டிலிருந்த நாயை அப்படித்தான் கொண்டு போனோம். வேப்பிலை அடித்தார்கள், விடியுமுன் அது இறந்தது. அந்த இரவை நான் மறக்கவில்லை. மணியை நடக்கவிடாமல் கோணியில் கிடத்திக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றேன்.

அவர் சிறிது குருதியெடுத்துக் கண்ணாடிக் குழாயில் அசையாது வைத்தார். 20 நிமிடம் கழித்துச் சாய்த்தபோது, உறைந்திருக்க வேண்டிய குருதி நீர்போல் ஓடியது. "நச்சுமுறி மருந்து வேண்டும்; என்னிடம் இருப்பு இல்லை. முதலில் இரண்டு குப்பி வாங்கி வாருங்கள்" என்று சீட்டு எழுதினார். சிறிய நாய்தானே, ஒன்று போதாதா என்றேன். "உடம்பு சிறிதென்பதால் உள்ளே போன நஞ்சு குறைந்துவிடாதே ஐயா" என்றார்.

மருந்துக் கடையில் நான்கு குப்பிகளே இருந்தன. மனிதருக்கெனச் செய்யப்பட்டவை. "யாரைக் கடித்தது சார்?" என்றார் கடைக்காரர்.

"வீட்டில் ஒருவரை" என்றேன்.

மருத்துவர் பொடியைக் கரைத்துச் சிரைவழி சொட்டுச் சொட்டாக ஏற்றினார். குதிரைச் சீரம் சில உடல்களுக்கு ஒவ்வாது என்பதால் அட்ரினலின் ஊசியையும் அருகில் வைத்துக்கொண்டார். காத்திருந்த நேரமெல்லாம் என் பொய்யே உறுத்தியது. மனிதரைக் கடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போவார்கள் என்று தேற்றிக்கொண்டேன். மனம் அடங்கவில்லை.

பிறகு அந்தக் குப்பி வந்த வழியை எண்ணிப் பார்த்தேன். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, மண்பானைகளில் வைத்து நஞ்செடுத்தபின், இருளர்கள் அவற்றை மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். பாம்பு தந்தது, குதிரை தந்தது, இரண்டும் அஃறிணை. அதில் ஒரு பங்கை இன்னோர் அஃறிணை பெறுவது அத்தனை பெரும் பிழையா?

ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் குழாயில் குருதி வைத்தார். இம்முறை உறைந்தது.

மூன்றாம் நாள் மணி கஞ்சி குடித்தது. அன்று மாலை கடைக்குப் போய், "அன்று சொன்னது பொய், கடிபட்டது எங்கள் நாய்" என்றேன். அவர் சிரித்தார். "சீட்டிலேயே கால்நடை மருத்துவர் என்று போட்டிருந்ததே சார். படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டாரா?"

உவப்பினால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்லுதல் வழுவமைதி என்று ஆண்டுதோறும் நடத்துகிறேன். பசுவை அம்மை என்பதே எப்போதும் நான் காட்டும் உதாரணம். இவ்வாண்டு வேறொன்று சொல்ல இருக்கிறது.