மெத்தனால் சாப்பிடும் பிங்க் ஆசாமி

ஒரு வேர்க்கடலை இலையைப் பறித்து, உப்புச்சத்தும் மெத்தனாலும் மட்டும் கலந்த அகார் தட்டில் அழுத்தி எடுங்க. சில நாளில் தட்டில் அதே இலை வடிவம் பிங்க் புள்ளிகளா முளைச்சிருக்கும்! மெத்தைலோபாக்டீரியம் என்கிற பாக்டீரியாவோட கைங்கர்யம் இது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குக் கொடுக்கிற பி.பி.எஃப்.எம். பாட்டிலுக்குள்ளே இருப்பதும் இவர்தான். பயிர் வறட்சியைத் தாங்க இலை மேல் அடிக்கணும்.

திருத்தணியில் மழை ஏமாத்தினப்போ எங்க மாமாவும் கடலைக் கொல்லையில் இதை அடிச்சார். "இது மெத்தனாலைச் சாப்பிடும் மாமா"ன்னு சொன்னதும் ஸ்ப்ரேயரைக் கீழே வெச்சுட்டார். "கள்ளக்குறிச்சியில அத்தனை பேரைக் கொன்னுச்சே, அதுவா மாப்ளே?"

அதேதான். 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்தாங்க. ஆனா செடியிலும் துளியூண்டு மெத்தனால் உண்டு. இலை வளரும்போது செல் சுவரில் இருக்கிற பெக்டினிலிருந்து பிரிஞ்சு, இலைத்துளை வழியா ஆவியா வெளியேறும். நம்ம பிங்க் ஆசாமி அதை மடக்கிடுவார். அவரோட ஆயுதம், மெத்தனால் டிஹைட்ரஜனேஸ் என்கிற என்சைம். மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி ஃபார்மால்டிஹைடா மாத்தும். அந்த என்சைமுக்கு நடுவில் கால்சியம் இருக்கும்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. இன்னொரு வகையில் லாந்தனம், சீரியம் இருக்குன்னு 2011-க்குப் பிறகுதான் புரிஞ்சது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில், சிகரெட் லைட்டர் கல்லில் இருக்கிற அதே சமாச்சாரம். பாக்டீரியாவுக்கு என்ன டேஸ்ட் பாருங்க!

நம்ம கல்லீரலிலும் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்னு ஒண்ணு இருக்கு. என்சைம் வேற, ஆனா வேலை அதேதான்: மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக்கும். வித்தியாசம் அதுக்கு அப்புறம்தான். பாக்டீரியா அந்த ஃபார்மால்டிஹைடை உடனே பிடிச்சு, ஒரு பங்கை எரிச்சு ஆற்றலாக்கும். மீதியில் தன் உடம்பையே கட்டிக்கும். நமக்கோ அது ஃபார்மிக் அமிலமா மாறி, சீக்கிரம் வெளியேறாமல் தேங்கும். கண் நரம்பு போகும், மூச்சு திணறும், உயிரும் போகும்.

மெத்தனால் நேரடியா கொல்றதைவிட, நம்ம என்சைம் அதை மாத்தித்தான் கொல்லுது. அதனால்தான் குடிச்சதும் ஒண்ணும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழிச்சு வயித்துவலி, மங்கலான பார்வைன்னு ஆரம்பிக்கும். "போதை தெளியலை"ன்னு வீட்டிலேயே படுக்க வெச்சா ஆபத்து. ஆஸ்பத்திரியில் ஃபோமெபிசோல் என்கிற மருந்து அந்த என்சைமோட வாயை அடைச்சிடும். மெத்தனால் மாறாமலே மெதுவா வெளியேறும், இல்லைன்னா டயாலிசிஸில் எடுத்துடுவாங்க. அமிலம் சேர்றதுக்கு முன்னாடி போனால்தான் இதுக்கு முழுப் பலன்.